தொட்ட கைக்குத் தீட்டு, விற்ற கைக்கு இலாபம்

2007ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று பெய்ஜிங்கில் ஒரு மன்னிப்புக் கேட்கப்பட்டது. கேட்டது பார்பி பொம்மையை விற்கும் அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனமான மேட்டல். அதன் உலகளாவிய செயற்பாடுகளுக்குப் பொறுப்பான துணைத் தலைவர் தாமஸ் டெப்ரௌஸ்கி, சீன அரசின் தரக் கண்காணிப்புத் துறைத் தலைவர் லி சாங்ஜியாங் முன் அமர்ந்து ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். திரும்பப் பெறப்பட்ட பொம்மைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் கோளாறு சீன ஆலையில் நேர்ந்தது இல்லையாம். தங்கள் நிறுவனத்தின் வடிவமைப்பிலேயே இருந்ததாம்.

இந்த ஒப்புதல் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஃபோஷான் நகரின் லீ டெர் பொம்மை ஆலைக்கு ஏற்றுமதித் தடை விதிக்கப்பட்டு, அதில் வேலை செய்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பு போய்விட்டது. அதன் இணை உரிமையாளர் ஆகஸ்ட் 11 அன்று ஆலைக்குள்ளேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உலகெங்கும் செய்தித்தாள்கள் 'சீன நஞ்சு' என்று எழுதித் தீர்த்துவிட்டன. குற்றத்தின் பெரும்பங்கு யாருடையதோ அவர்கள் மட்டும் நாற்காலியில் அப்படியே இருந்தார்கள். ஒரு மன்னிப்போடு கணக்கு முடிந்தது.

பழைய கதை என்று இதை விட்டுவிட முடியாது. நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கும் பொம்மைகள் இன்றும் இதே ஏற்பாட்டில்தான் வருகின்றன. ஓரிடத்தில் வரைகிறார்கள், வேறொரு நாட்டில் செய்கிறார்கள், மூன்றாவது நாட்டில் விற்கிறார்கள். இலாபம் மேலே போகிறது, பழி கீழே இறங்குகிறது. இது தற்செயலாக நடப்பதா, திட்டமிட்டே கட்டப்பட்டதா என்பதுதான் நம் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம்

அந்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று, மேட்டலின் துணை நிறுவனமான ஃபிஷர்-பிரைஸ் ஏறத்தாழ 15 இலட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எல்மோ, டோரா என்று குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய உருவங்கள் அவை. அவற்றின் சாயத்தில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் வயது அது. 'இவ்வளவு ஈயம் உடலில் இருந்தால் பாதிப்பில்லை' என்று சொல்லக்கூடிய அளவு எதையும் மருத்துவ அறிவியல் இதுவரை காணவில்லை.

ஆகஸ்ட் 14 அன்று இரண்டாவது அறிவிப்பு வந்தது. ஈயச் சாயம் பூசிய பொம்மைக் கார்கள் 4,36,000. அதே நாளில், சிறு காந்தங்கள் பதித்த பொம்மைகள் 1 கோடியே 82 இலட்சம். செப்டம்பர் 4 அன்று மூன்றாவது அறிவிப்பில், ஈயச் சாயம் காரணமாக மேலும் 8 இலட்சத்துக்கும் அதிகமான பொம்மைகள்.

கூட்டிப் பாருங்கள். மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் அளவில் வருகிறது. அதில் ஈயச் சாயத்துக்காகத் திரும்பியவை 30 இலட்சத்துக்கும் குறைவு. மற்றவை எல்லாம் காந்தப் பொம்மைகள்.

இந்தக் காந்தங்கள் சின்னஞ்சிறியவை, ஆனால் வலிமை மிக்கவை. பொம்மையிலிருந்து கழன்று விழுந்தால் குழந்தை விழுங்கிவிடும். ஒன்றை விழுங்கினால் வெளியே வந்துவிடலாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடல் சுவரைத் துளைத்துவிடும். 2006 நவம்பரிலேயே மேட்டல் 'பாலி பாக்கெட்' காந்தப் பொம்மைகளில் 24 இலட்சத்தைத் திரும்பப் பெற்றிருந்தது. அதற்குள் மூன்று குழந்தைகளுக்குக் குடல் கிழிந்து அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அப்படியிருந்தும் மீதியுள்ள காந்தப் பொம்மைகளைக் கடைகளிலிருந்து எடுக்க மேலும் ஒன்பது மாதம் ஆயிற்று.

காந்தத்தை எங்கே வைப்பது, எப்படிப் பொருத்துவது என்று முடிவு செய்தது யார்? ஆலையில் நின்று கொண்டே வேலை பார்த்த கிராமத்துப் பெண்ணா? அவளுக்கு ஒரு வரைபடம் தரப்பட்டது. வரைபடத்தில் உள்ளபடியே அவள் செய்தாள். ஒழுங்காகச் செய்யப்பட்ட பொம்மைதான் குழந்தையின் குடலைக் கிழித்தது.

தீட்டு யாருக்கு?

இந்தக் கணக்கு அன்றும் வெளிப்படையாகவே இருந்தது. ஆனாலும் அமெரிக்காவின் தொலைக்காட்சி விவாதங்களும் தேர்தல் மேடைகளும் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லின. 'சீனத் தயாரிப்பு'. பெற்றோர்கள் பொம்மையைக் கவிழ்த்து, அடியில் எழுதியிருந்த நாட்டின் பெயரைப் பார்த்தார்கள். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருந்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்துப் பயப்படவில்லை.

சாதி எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தவர்களுக்கு இது புரியாத வித்தை அல்ல. விளைவித்த நெல் வேண்டும், விளைவித்தவன் கை பட்டால் தீட்டு. கட்டிய வீடு வேண்டும், கட்டியவன் உள்ளே வந்தால் தீட்டு. இங்கேயும் பொம்மை வேண்டும், பொம்மையின் இலாபம் வேண்டும். கேடு வந்தால் அது தொட்ட கையின் தீட்டு. வரைந்த மூளையும் விற்ற பெயரும் சுத்தமாகவே இருக்கும்.

அந்தக் கை யாருடையது என்பதும் பேசப்பட வேண்டும். குவாங்தோங் மாகாணத்தின் பொம்மை ஆலைகளை நிறைத்தவர்கள் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள். சீனாவில் 'ஹுகோவ்' என்ற குடிப்பதிவு முறை இருக்கிறது. கிராமத்துப் பதிவு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும். நகரத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும், நகரவாசிக்குக் கிடைக்கும் பள்ளியும் மருத்துவமும் வீடும் அவர்களுக்கு எளிதில் கிடைக்காது. சாதியும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் பிறப்பில் ஒட்டிய முத்திரை உழைப்பை மலிவாக்குகிறது என்பதில் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. தன்னைப் பொதுவுடைமை அரசு என்று சொல்லிக்கொள்ளும் ஓர் அரசு அந்த முத்திரையைக் காத்து நின்றது. அந்த மலிவைத் தேடித்தான் பன்னாட்டு நிறுவனங்கள் வரிசையில் நின்றன.

35 சென்டின் கதை

1996இல் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' ஒரு பார்பி பொம்மையின் விலையைப் பிரித்துக் காட்டியது. கடையில் விலை 9 டாலர் 99 சென்ட். சீனத் தொழிலாளிக்குப் போனது 35 சென்ட். ஹாங்காங்கை விட்டுக் கப்பல் ஏறும்போது பொம்மையின் மதிப்பு 2 டாலர். மீதி 8 டாலர் போக்குவரத்து, விளம்பரம், கடை, நிறுவன இலாபம் என்று மேலேயே பங்கு போடப்பட்டது.

இந்த 2 டாலருக்குள்தான் ஒப்பந்த ஆலை முதலாளி பிளாஸ்டிக் வாங்க வேண்டும், சாயம் வாங்க வேண்டும், கூலி தர வேண்டும், தானும் பிழைக்க வேண்டும். 2000க்குப் பிறகு பெட்ரோலிய விலை ஏறியது, அதோடு பிளாஸ்டிக் விலையும் ஏறியது. 2005 ஜூலைக்குப் பிறகு யுவானின் மதிப்பும் ஏறியது. பெரிய நிறுவனங்களோ, 'விலையைக் கூட்டினால் அடுத்த ஆலைக்குப் போவோம்' என்றே பேரம் பேசின. அப்போது ஆலை முதலாளி எதில் கை வைப்பார்? கூலியில் வைப்பார், கூடுதல் நேர வேலையில் வைப்பார், கடைசியில் சாயத்தில் வைப்பார். லீ டெர் ஆலைக்கு வந்த சாயத்தின் மஞ்சள் நிறமி, சோதிக்கப்படாத புதிய இடத்திலிருந்து வாங்கப்பட்டது என்று பின்னர் தெரிய வந்தது. நிறமி விற்றவர், சாயம் கலந்தவர், பூசியவர் என்று விசாரணை கீழே கீழே போனது. விலையை நிர்ணயித்தவரிடம் மட்டும் ஏறவே இல்லை.

நஞ்சுச் சாயம் பூசிய ஆலை முதலாளிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அது குற்றம்தான். ஆனால் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஒரே ஆலையில் பொருள் செய்து வாங்கிய நிறுவனம், அந்த ஆலைக்குள் என்ன சாயம் வருகிறது என்று தெரியாது என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? பொம்மையின் புருவம் ஒரு மில்லிமீட்டர் விலகினால் கண்டுபிடிக்க ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஈயத்தைக் கண்டுபிடிக்க ஆள் இல்லையா? தெரியாமல் இருப்பதே அவர்களுக்கு வசதி. அயல்நாட்டு ஒப்பந்தம் என்பது மலிவான உழைப்பை மட்டும் வாங்குவதில்லை. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் உரிமையையும் சேர்த்தே வாங்குகிறது.

பொம்மைக்கு முன்பே செத்தவர்கள்

விற்ற பிறகு குழந்தைக்கு நேரும் கேட்டைப் பற்றிப் பேசுகிறோம். செய்யும்போதே செத்தவர்களைப் பற்றி யார் பேசினார்கள்?

1993 மே 10 அன்று தாய்லாந்தின் நகோன் பதோம் மாகாணத்தில் கேடர் பொம்மை ஆலை எரிந்தது. 188 பேர் இறந்தார்கள், மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. காப்பு உறையில்லாத இரும்புத் தூண்கள் தீயில் வளைந்து கட்டடமே சரிந்தது. அதே ஆண்டு நவம்பர் 19 அன்று சீனாவின் ஷென்சென் நகரில் ஜிலி பொம்மை ஆலை எரிந்து 87 பேர் இறந்தார்கள். சன்னல்களுக்குக் கம்பி, வாசல்களுக்குப் பூட்டு. இத்தாலிய நிறுவனம் ஒன்றுக்காகக் குழந்தைப் பொம்மைகள் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

கதவை ஏன் பூட்டினார்கள்? தொழிலாளி பொம்மையைத் திருடிவிடுவாளாம். தன் பிள்ளைக்கு வாங்கித் தர முடியாத பொம்மையைச் செய்பவள்மேல் இருந்த சந்தேகம்தான் அவளுக்குக் கொள்ளி வைத்தது. இந்த இரண்டு தீயும் அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் எந்தப் பொம்மையையும் அலமாரியிலிருந்து இறக்கவில்லை. அந்தப் பொம்மைகளால் வாங்குபவரின் குழந்தைக்கு ஆபத்தில்லையே! செய்யும் பெண் செத்தால் அது தொழில் விபத்து, வாங்கும் வீட்டுக் குழந்தைக்கு நோய் வந்தால் அது உலகச் செய்தி. இரண்டும் ஒரே பேரத்தின் விளைவு என்று சொல்ல ஆளில்லை. பூட்டிய கதவும் சோதிக்காத சாயமும் ஒரே செலவுக் குறைப்பின் இரண்டு பக்கங்கள். தொழிலாளியின் உயிர் மலிவாக இருக்கும் ஆலையிலிருந்து குழந்தைக்குப் பாதுகாப்பான பொம்மை எப்படி வரும்?

தண்டனை என்ற நாடகம்

மேட்டல் நிறுவனத்துக்கு என்ன தண்டனை கிடைத்தது? 2008 டிசம்பரில் அமெரிக்காவின் 39 மாநிலங்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் 1 கோடியே 20 இலட்சம் டாலர் கொடுத்தது. 2009 ஜூனில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு 23 இலட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2007இல் அந்த நிறுவனத்தின் விற்பனை வருமானம் ஏறத்தாழ 597 கோடி டாலர். நாள் ஒன்றுக்கு 1 கோடியே 63 இலட்சம் டாலர். அதாவது ஆணையத்தின் அபராதம் நான்கு மணி நேர வருமானத்தைக் கூடத் தொடவில்லை. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு நாள் வருமானத்துக்குள் அடங்கிவிட்டது.

இது முதல் தவறும் இல்லை. குழந்தைகள் ஓட்டும் பேட்டரி வண்டிகளின் கோளாறுகளைச் சொல்லாமல் மறைத்ததற்காக ஃபிஷர்-பிரைஸ் 2001இல் 11 இலட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2007 மார்ச்சில், வேறொரு பொம்மையில் குழந்தைக்கு மூச்சடைக்கும் ஆபத்து இருந்ததைக் காலத்தில் தெரிவிக்காததற்காக 9,75,000 டாலர் கட்டியது. ஆபத்து தெரிந்ததும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அபராதம் மலிவாக இருந்தால் அது தண்டனை ஆகாது, தொழில் செய்ய வாங்கும் உரிமச் சீட்டு ஆகிவிடும்.

கண்காணிக்க வேண்டிய ஆணையத்தின் நிலை என்ன? 1980இல் ஆயிரத்தை நெருங்கிய அதன் பணியாளர் எண்ணிக்கை 2007இல் 400 அளவுக்குச் சுருங்கிவிட்டது. 'அரசு தலையிடக் கூடாது, சந்தையே பார்த்துக்கொள்ளும்' என்று கால் நூற்றாண்டு பாடிய பாட்டின் பலன் இது.

இத்தனை அமளிக்குப் பிறகு 2008 ஆகஸ்டில் அமெரிக்கா புதிய சட்டம் கொண்டுவந்தது. சாயத்தில் ஈய வரம்பு பத்து இலட்சத்தில் 600 பங்கிலிருந்து 90 பங்காகக் குறைந்தது. குழந்தைப் பொருள்களைச் சார்பற்ற ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் 2009இல் மேட்டல் தன் சொந்த ஆய்வகங்களிலேயே சோதித்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து மரப் பொம்மை செய்து விற்றவர்கள் சோதனைச் செலவு கட்டுப்படியாகாமல் திண்டாடினார்கள். யாரால் சட்டம் வந்ததோ அவருக்கு விலக்கு, சம்பந்தமே இல்லாதவருக்குச் சுமை.

'சீனாவால்தான் கேடு' என்ற வாதத்தை அந்த நிறுவனமே பிறகு உடைத்துக் காட்டியது. ஃபிஷர்-பிரைஸ் 2009இல் 'ராக் அண்ட் பிளே' என்ற சாய்வுத் தூளியை விற்கத் தொடங்கியது. கைக்குழந்தையைச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. இதுவோ சாய்வில் தூங்க வைப்பது. குழந்தையின் தலை சரிந்தால் மூச்சுக்குழாய் அடைபடும். 2019 ஏப்ரலில் 47 இலட்சம் தூளிகளைத் திரும்பப் பெற்றபோதே 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தன. 2023இல் ஆணையம் சொன்ன எண்ணிக்கை ஏறத்தாழ 100. எச்சரிக்கைகள் வந்தும் நிறுவனம் விற்பனையைத் தொடர்ந்தது என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2021இல் அறிக்கை தந்தது. இதில் எந்தச் சீனத் தொழிலாளியின் கை குற்றவாளி? எந்த மஞ்சள் நிறமி குற்றவாளி?

நம் ஊர்த் தேசபக்தி

இந்தியாவில் நடப்பதையும் பார்ப்போம். 2009 ஜனவரியில் ஒன்றிய அரசு சீனப் பொம்மைகளின் இறக்குமதிக்கு ஆறு மாதத் தடை விதித்தது. 2020இல் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்த்தியது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றது. முத்திரையை நாம் வரவேற்கிறோம். குழந்தையின் உடல்நலத்துக்கு விதி வேண்டும். ஆனால் மேடையில் பேசப்படுவது என்ன? 'சீனப் பொருளைப் புறக்கணி'. அமெரிக்கத் தொலைக்காட்சி 2007இல் பேசிய அதே பேச்சு, இப்போது காவி நிறத்தில்.

நாட்டின் பெயரைச் சொல்லித் திட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது. எந்த முதலாளியின் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. அதே பொம்மை நாளை இங்கேயே ஒரு பட்டறையில், ஒப்பந்தக் கூலிக்கு, காற்றோட்டமில்லாத அறையில் சாயம் பூசப்பட்டால் அது 'தற்சார்பு' ஆகிவிடுமா? ஈயம் குடியுரிமை பார்த்தா மூளைக்குள் போகிறது?

உண்மையில் நம் சட்டத்திலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிறர் செய்த பொருளில் தன் பெயரைப் பொறித்து விற்பவரையும் உற்பத்தியாளர் என்றே வரையறுக்கிறது. கேடு நேர்ந்தால் அவரிடமே இழப்பீடு கேட்கலாம். இதை எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? எந்த அமைச்சர் மேடையில் சொன்னார்? ஆனாலும் இது வாங்கியவருக்கான வழி மட்டுமே. சாயம் பூசி நுரையீரல் கெட்ட தொழிலாளிக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. சங்கிலியின் ஒரு முனையை மட்டும் பிடிக்கிறது.

என்ன கேட்க வேண்டும்?

'உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆலைகளுக்கு எல்லாம் நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?' என்று நிறுவனங்கள் கேட்கும். வங்கதேசத்தில் 2013இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்த பிறகு, 2017இல் பிரான்சு ஒரு சட்டம் இயற்றியது. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்த ஆலைகளில் நேரக்கூடிய கேடுகளையும் முன்கூட்டியே கண்டு தடுக்கக் கடமைப்பட்டவை என்றது. ஜெர்மனியிலும் 2023 முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் வந்தது. குறைகள் நிறைய உண்டு. ஆனாலும் 'முடியாது' என்ற பேச்சு பொய் என்று இவை காட்டிவிட்டன.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு பொம்மையும் எந்த ஆலையில், எந்த ஒப்பந்ததாரரிடம் செய்யப்பட்டது என்ற பட்டியலை நிறுவனம் வெளியிட வேண்டும். பெயர் பொறித்தவரே முழுப் பொறுப்பாளர் என்பது குழந்தைக்கு மட்டுமின்றித் தொழிலாளிக்கும் பொருந்த வேண்டும். அபராதம் நிறுவனத்தின் வருமானத்தில் விழுக்காடாக இருக்க வேண்டும். ஆபத்தை அறிந்தும் மறைத்த நிர்வாகி மேல் குற்ற வழக்கு வேண்டும். ஆலைக்குள் சங்கம் வைக்கும் உரிமை வேண்டும். ஏனென்றால் சாயத்தின் நாற்றம் மாறியதை முதலில் அறிபவர் பூசுபவர்தான். வாயைத் திறந்தால் வேலை போகும் இடத்தில் எந்த ஆய்வகமும் குழந்தையைக் காப்பாற்றாது.

அடுத்த முறை ஒரு பொம்மையைக் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும்போது, திருப்பி அதன் பெட்டியின் முகப்பையும் பாருங்கள். பதில் சொல்ல வேண்டியவரின் பெயர் அங்கேதான் அச்சடிக்கப்பட்டிருக்கிறது, நம்மிடம் காசு வாங்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில்.